நோவை (மிச்சிகன்) தெரு குரூப்: பிக்கப்ல பின் ஸ்டெப் மாட்டுறது

*வியாழன், மாலை 6:40*

செந்தில்: ரமேஷ் அண்ணா, என் 2018 ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புக்கு, பின்னாடி ஏறுறதுக்குப் பம்பருக்கு அடியில மடங்குற ஸ்டெப் கிட் வந்துடுச்சு. துளை போட வேண்டாம்னு போட்டிருக்கு. சனிக்கிழமை ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுமா?

ரமேஷ்: ஸ்டெப் மாட்ட ஒரு மணி நேரம் போதும் தம்பி. பழைய போல்ட் கழட்டத்தான் நேரம் பிடிக்கும். மிச்சிகன்ல பனிக்கு ரோட்டுல போடுற உப்புல இத்தனை குளிர்காலம் ஊறின போல்ட். இன்னைக்கு ராத்திரியே பெனட்ரேட்டிங் ஆயில் (துருவுக்குள்ள ஊடுருவுற எண்ணெய்) அடி. நாளைக்குக் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. போல்ட் தலை மேல அடிச்சுப் பிரயோஜனமில்ல. மரை வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற பக்கம் அடி. அதுக்கு முன்னாடி கம்பி பிரஷ்ல மரையைச் சுத்தம் பண்ணு.

செந்தில்: சரிண்ணா. எந்தப் பக்கம் மாட்டணும்?

ரமேஷ்: உன் வண்டியில சைலன்சர் குழாய் பாசஞ்சர் பக்கம் வெளியே வருது. அதனால ஸ்டெப் டிரைவர் பக்கம். ரெண்டு பக்கமும் குழாய் வர்ற மாதிரி மாத்தின வண்டின்னா முதல்ல இடைவெளி பார்க்கணும், உனக்கு அந்தப் பிரச்சனை இல்ல.

பாலு: கையோட ஸ்டெப்னியையும் கீழ இறக்கிடு செந்தில். அது மேலயே இருந்தா சேஸிஸ் உள்பக்கம் கை போகாது. பூட்டு சாவி எங்கிருக்குன்னு இப்பவே தேடி வை.

செந்தில்: [படம்] அண்ணா, இந்த போல்ட்டா?

ரமேஷ்: அது டிரெய்லரை இழுக்க மாட்டுற ஹிட்ச்சோட போல்ட். கிட் தாள்ல அதைக் காட்டலேன்னா தொடவே தொடாத. பம்பர் பிராக்கெட்டைச் சேஸிஸோட பிடிக்கிற போல்ட் வேற, அதைப் பாரு. ஒரு பக்கத்துல எல்லாத்தையும் ஒரே நேரத்துல கழட்டிடாத. பம்பர் அந்த ஓரம் தொங்கிடும். அப்புறம் டெயில்கேட்டுக்கும் (பின் கதவு) பம்பருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி கோணலாகி, அதைச் சரி பண்ணவே அரை நாள் போகும். பம்பருக்கு அடியில மரக்கட்டை வெச்சு ஜாக்கால லேசா தாங்கு. ஒண்ணு கழட்டு, புது பிராக்கெட்டோட கையால திருகு, அப்புறம் அடுத்தது.

பாலு: வண்டியைத் தூக்க வேண்டாம். எஃப்-150 உயரத்துக்கு அப்படியே உள்ள படுக்கலாம். வீல் சோக் (சக்கரம் உருளாம தடுக்கிற கட்டை) மட்டும் போடு.

சுதா: ஜாக் பம்பரைத் தாங்க மட்டும்தான். வண்டியை வெறும் ஜாக் மேல நிறுத்தி அடியில போறது கூடவே கூடாது செந்தில்.

*வெள்ளி, இரவு 8:15*

செந்தில்: மூணு தடவை ஆயில் அடிச்சாச்சு. ஒரு போல்ட் கால் சுத்து வந்து கீச்சுன்னு கத்துது. இழுத்துடவா?

ரமேஷ்: இழுக்காத!! அந்தச் சத்தம்தான் எச்சரிக்கை. துரு மரைக்குள்ள சுருண்டு இறுகுது. கால் சுத்து வெளியே, அரைக்கால் சுத்து உள்ளே, கொஞ்சம் ஆயில். திரும்ப அதே மாதிரி. பத்துப் பன்னிரண்டு தடவை ஆகும், பரவாயில்ல. அவசரப்பட்டா போல்ட் முறியும். இல்லேன்னா உள்ளே வெல்டிங் பண்ணின நட்டு கழண்டு போல்ட்டோட சேர்ந்து சுத்தும், அது அதைவிட மோசம். அப்புறம் சேஸிஸ்ல துளை போடலாம்னு யாராவது சொன்னா கேட்காத. சேஸிஸோட மேல், கீழ் மடிப்புல துளை போட்டா பலம் போயிடும்.

செந்தில்: கிட்ல சுருள் கம்பி ஒண்ணு இருக்கு, அது எதுக்கு?

ரமேஷ்: அதான் முக்கியமான சாமான். உன் சேஸிஸ் நாலு பக்கமும் மூடின பெட்டி. உள்ளே கை போகாது, போல்ட்டைக் கம்பியாலதான் இழுக்கணும். போல்ட் வரவேண்டிய துளையில சுருள் இல்லாத முனையை விட்டு, பக்கத்துல இருக்கிற பெரிய துளை வழியா வெளியே எடு. அட, மாத்திச் சொல்லிட்டேன். சுருள் முனைதான் பெரிய துளை வழியா வெளியே வரணும். அந்த முனையில முதல்ல சதுரத் தகட்டைக் கோத்து விடு, அப்புறம் போல்ட் மரையைச் சுருளுக்குள்ள நாலு சுத்து திருகு. தகட்டையும் போல்ட்டையும் பெரிய துளைக்குள்ள தள்ளி, கம்பியை மெதுவா இழு. போல்ட் துளை வழியா எட்டிப் பார்க்கும். நட்டு பிடிக்கிறதுக்கு முன்னாடி கம்பியை வேகமா உருவிடாத, போல்ட் உள்ளேயே விழுந்துடும். விழுந்துட்டா காந்தம்தான் வழி.

சுதா: தகடு தப்பான பக்கம் திரும்பினா போல்ட் தலை அந்தப் பெரிய துளைக்கே வந்துடும். அப்போ முழு பலமும் தகட்டோட ஓரத்துல நிக்கும். டார்ச் அடிச்சு உள்ளே பார்த்துட்டு இறுக்குங்க.

செந்தில்: அக்கா, பிராக்கெட் அலுமினியம், சேஸிஸ் இரும்பு. நடுவுல ரப்பர் ஷீட் வெக்கலாமா? உப்புத் தண்ணில அரிக்கும்னு சொல்றாங்க.

சுதா: அரிக்கும்ங்கிறது உண்மைதான், உப்பு ஈரம் பட்டா அலுமினியம்தான் முதல்ல போகும். ஆனா ரப்பர் வேண்டாம். ரப்பர் நசுங்க நசுங்க போல்ட்டோட பிடி தளரும். சேஸிஸ்ல தட்டு தட்டா எழும்பி நிக்கிற துருவைச் சுரண்டிடுங்க. மெல்லிசா துத்தநாக பிரைமர் ஒரு கோட், நல்லா காயணும். மாட்டி முடிச்சதும் இணைப்போட விளிம்பைச் சுத்தி லானோலின் (துரு பிடிக்காம காக்கிற கம்பளி மெழுகு) ஸ்ப்ரே. அது கால் வெக்கிற இடத்துல படக்கூடாது, வழுக்கும்.

செந்தில்: இறுக்கம் எவ்வளவு?

சுதா: கிட் தாள்ல போட்டிருக்கிறதுதான் கணக்கு. தாள் சொல்லலேன்னா 8.8 தர எம்12 (12 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்கு 60 முதல் 65 அடி-பவுண்டு, எம்10க்கு 35 பக்கம். ரெண்டுமே உலர்ந்த மரைக்கு. ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப் போகாம இருக்கத் தடவுற பசை) தடவினா கால் பங்கு குறைக்கணும். அதே அளவு இறுக்கினா போல்ட் நீண்டுடும். நீல லாக்டைட் (மரை தளராம பிடிக்கிற ஒட்டுத் திரவம்) போடுற மரையில ஆன்ட்டி-சீஸ் போடாதீங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி.

ரமேஷ்: எல்லா போல்ட்டையும் கையால திருகின பிறகு ஸ்டெப்பை இறக்கி, மடக்கிப் பாரு. இடிக்காம வந்தாத்தான் இறுக்கணும். ஹிட்ச் பக்கத்துல டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுற ரெஞ்ச்) நுழையலேன்னா க்ரோஃபுட் (ரெஞ்ச் முனையில மாட்டுற திறந்த வாய் ஸ்பேனர் தலை) போடு, ரெஞ்சுக்கு 90 டிகிரியில. நேரா நீட்டிப் போட்டா ரெஞ்ச் காட்டுறதைவிட அதிகமா இறுகிடும்.

பாலு: ஸ்டெப் 300 பவுண்டுதானே தாங்கும்?

சுதா: ஆமா, கையில இருக்கிற சாமானோட சேர்த்து. 230 பவுண்டு ஆள் 80 பவுண்டு கான்கிரீட் பையோட ஏறினா 310 ஆச்சு. கால் வெக்கிற இடம் பிராக்கெட்டிலிருந்து ஒரு அடி தள்ளி இருந்தா, 300 பவுண்டு அந்த போல்ட்டுகள் மேல 300 அடி-பவுண்டா திருகும். மேலேயிருந்து குதிச்சா ரெண்டு மடங்குக்கு மேல போகும். பையை முதல்ல பெட்ல (பின்னாடி சாமான் ஏத்துற இடத்துல) வெச்சுட்டு அப்புறம் ஏறச் சொல்லுங்க.

ரமேஷ்: மடங்குற கீலுக்கு கிரீஸ் வேண்டாம், மண்ணும் உப்பும் ஒட்டிக்கும். சிலிகான் ஸ்ப்ரே போதும். முடிச்சதும் ரிவர்ஸ் போட்டு சென்சார் பாரு. பின்னாடி ஒண்ணுமே இல்லாம கத்திக்கிட்டே இருந்தா ஸ்டெப் முழுசா மடங்கல, இல்ல பிராக்கெட் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு. 100 மைல் ஓடினப்புறம் எல்லாத்தையும் ஒரு தடவை டார்க் ரெஞ்சால பாரு. மீதித் துரு நசுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

செந்தில்: சரிண்ணா. அந்த போல்ட் இப்போ கையாலயே சுத்துது, வெளியே எடுத்துட்டேன்! மரை நல்லா இருக்கு.

ரமேஷ்: அருமை. அதைக் கையாலயே திரும்ப மாட்டி வை, ராத்திரி பம்பர் தொங்க வேண்டாம். க்ரோஃபுட் என்கிட்ட இருக்கு, காலையில 8 மணிக்கு எடுத்துட்டு வர்றேன்.