புதுப்பிப்பு: நீச்சல் குளக் குழியில் ஊறிய நீர்

சென்னைக் கடற்கரையோரம், ஈஞ்சம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளத்துக்குத் தோண்டிய குழியில், ஐந்தடியிலேயே நீர் ஊறி மணல் சரிகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். குழி காய்ந்து, தளமும் போட்டாயிற்று!

குழிக்குள் மோட்டார் வைத்து இறைத்ததுதான் தவறு. நீரோடு மணலும் வந்து கரை இடிந்தது. சுற்றிலும் துளைக்குழாய்களை இறக்கி, வெளியிலிருந்தே இரவு பகலாக உறிஞ்சிய பிறகுதான் நீர்மட்டம் தளத்துக்குக் கீழே போனது. இந்த யோசனை சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.

கான்கிரீட் போட்டதும் மோட்டாரை நிறுத்த ஒப்பந்தக்காரர் அவசரப்பட்டார். நான் விடவில்லை. தளத்துக்கு மேல் 1 மீட்டர் நிலத்தடி நீர் ஏறினாலே, சதுர மீட்டருக்கு 1 டன் விசை கீழிருந்து தள்ளும். காலித் தொட்டி படகுபோல் மேலெழும்பிவிடும். அழுத்தம் தணிக்கும் வால்வைத் தளத்திலேயே பதித்திருக்கிறோம். இருந்தாலும் குளம் நிரம்பும்வரை இறைப்பு நிற்காது. ஐப்பசி மழைக்குள் நிரப்பிவிட வேண்டும்.