கதையில் அருங்காட்சியகக் கொள்ளை: லேசர் காட்சியை யாரும் நம்பவில்லை, உதவி தேவை

கேள்வி (கார்முகில்):
குறுநாவல் எழுதுகிறேன். ஐரோப்பாவில் கற்பனையான ஒரு சிறிய அருங்காட்சியகம். கதாநாயகியும் கூட்டாளிகளுமாக நான்கு திருடர்கள் இரவில் கூரை வழியாக இறங்கி, லேசர் கதிர்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து போய் ஓவியத்தை எடுக்கிறார்கள். படித்தவர்கள் சரியாக அந்த இடத்தில் சிரிக்கிறார்கள். லேசரை எடுத்துவிட்டால் பரபரப்பும் போய்விடுமே? கடைசியில் ஒரு ரகசியக் கோடீஸ்வரர் ஓவியத்தை வாங்குவதாக முடித்திருக்கிறேன்.

பதில் (தாழ்வாரம்):
கூரையை மறந்துவிடுங்கள். 1990 மார்ச்சில் பாஸ்டனின் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் திருடர்கள் போலீஸ் உடுப்பில் வந்து மணியடித்தார்கள், அங்கிருந்த காவலாளியே கதவைத் திறந்துவிட்டார். உனக்கு வாரண்ட் இருக்கிறது என்று சொல்லி, அபாய மணிப் பொத்தான் இருந்த மேசையை விட்டு அவரை நகர்த்தினார்கள். பரபரப்பு வேண்டுமென்றால் அது அந்த மேசைக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே 81 நிமிடம் இருந்து 13 பொருட்களை எடுத்தார்கள். ரெம்பிராண்ட், வெர்மீர் போன்ற மேதைகளின் ஓவியங்களை எடுத்தது சரி, ஆனால் இன்னொரு மேதையான டிஷியனின் விலைமதிப்பற்ற ஓவியத்தைத் தொடாமல், ஒரு கொடிக்கம்பத்தின் உச்சியில் இருந்த கழுகைக் கழற்றிக்கொண்டு போனார்கள்! ஏன் என்று இன்றுவரை தெரியாது. உங்கள் திருடர்களும் இப்படி ஒரு அசட்டுத்தனம் செய்யட்டும், வாசகர் நம்புவார்.

பதில் (சுபா அக்கா):
தம்பி, உள்ளே போவதை விட எனக்கு இடிப்பது அந்தக் கோடீஸ்வரர்தான். உலகமே அறிந்த ஓவியத்தை யாரிடம் விற்பது? 1911இல் மோனலிசாவைத் தூக்கிய பெருஜியா, அந்தப் படம் இருந்த பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர், மேலங்கி மாட்டிக்கொண்டு சாதாரணமாக வெளியே வந்துவிட்டார். படம் காணவில்லை என்பதே மறுநாள்தான் தெரிந்தது. அவ்வளவு சுலபமாக எடுத்தவர், இரண்டு வருடம் கழித்து ஃப்ளாரன்ஸில் ஒரு வியாபாரியிடம் விற்கப் போய் மாட்டினார். உங்கள் கதையின் இரண்டாம் பாதி அங்கேதான் இருக்கிறது.

கார்முகில்:
அப்படியென்றால் ஓவியத்துக்குப் பதில் தங்கம் என்று மாற்றிவிடட்டுமா அக்கா? உருக்கிவிடலாமே.

பதில் (தாழ்வாரம்):
மாற்றலாம். 2017இல் பெர்லின் போடே அருங்காட்சியகத்தில் 100 கிலோ எடையுள்ள ஒரே தங்க நாணயம் அப்படித்தான் போனது, கிடைக்கவே இல்லை. ரயில் பாதைப் பக்கத்து ஜன்னல், ஏணி, தள்ளுவண்டி, கயிறு, அவ்வளவுதான் கருவி. தண்டனை பெற்றவர்களில் ஒருவர் அங்கேயே காவல் வேலை பார்த்தவர். ஆனால் எடையைக் கணக்கில் வையுங்கள், உங்கள் கதாநாயகி அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட முடியாது.

பதில் (சுபா அக்கா):
நான் ஓவியத்தையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். தங்கம் உருகினால் கதை அங்கேயே முடிந்துவிடும். விற்க முடியாத படம் கட்டிலுக்கு அடியில் கிடந்தால் நால்வருக்குள்ளும் சண்டை வரும்.

கார்முகில்:
சரி, ஓவியமே இருக்கட்டும். கோடீஸ்வரரையும் லேசரையும் வெட்டிவிட்டேன். கதவைத் திறக்கப்போகும் காவலாளிக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் இப்போது.