மேண்டிலுக்கு ‘ஒளிர்கூடு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

காஸ் விளக்கில் வெளிச்சம் தரும் சிறு வலைப்பையான மேண்டிலுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு, நம் குழுவில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மூடகம், ஒளியிழை, சுடர்வலை. மலை முகாமுக்குப் போகும் மாணவர்களுக்காக நான் எழுதிவரும் விளக்குக் கையேட்டில் மூன்றையும் போட்டுப் பார்த்தேன். மூன்றும் எனக்கு நிறைவு தரவில்லை. அதனால் நாலாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: ஒளிர்கூடு.

மூடகத்தை முதலில் தள்ளிவிடலாம். அது ஆங்கிலத்தில் மேண்டில் என்றே சொல்லும் பூமியின் உள்ளடுக்குக்கு வைத்த பெயர். விளக்கில் இருக்கும் மேண்டில் எதையும் மூடிக்கொண்டிருக்கவில்லை. ஒளியிழை அழகான சொல்தான், ஆனால் வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழைக்கு அது ஏற்கெனவே நிலைத்துவிட்டது. இனி அதை இங்கே இழுத்து வருவது குழப்பம்தான்.

சுடர்வலையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். குழுவில் ஒருவர் அதற்காக இப்படி வாதிட்டிருந்தார்:

> வலை போலத்தானே இருக்கிறது ஐயா? முன்னால் சுடரைச் சேர்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்குமே.

கடையில் வாங்கும்போது வலைதான், அம்மா. சின்னச் சுருக்குப்பை மாதிரி, கையில் வைத்து மடக்கலாம், கசக்கலாம். அதை விளக்கில் கட்டி, காஸைத் திறக்காமல், அடியில் நாலு பக்கமும் தீக்குச்சியைக் காட்டினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். துணி முதலில் கறுக்கும். கறுப்பின் ஓரத்தில் செந்நிறக் கோடு ஒன்று மெல்ல மேலேறும். அது கடந்துபோன இடமெல்லாம் வெளுத்துச் சுருங்கும். ஒரு நிமிடம் போனால் நூல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. துணியில் ஊறியிருந்த உலோக உப்புகள் ஆக்சைடாக மாறி, நெய்த கண்ணிகளின் வடிவத்திலேயே நிற்கும். விரல் பட்டால் பொடிந்துவிடும். பச்சை மண்ணைச் சூளையில் வைத்துப் பானை ஆக்குவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. சுட்டபின் அது வேறு பொருள்.

அடுத்து, வெளிச்சம் தருவது சுடர் அல்ல. நன்றாகக் காற்றுக் கலந்து எரியும் காஸின் சுடர் நீலமாக, மங்கலாக இருக்கும். அந்தச் சூட்டில் வெண்ணிறமாக ஒளிர்வது ஆக்சைடு கூடுதான். ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885-இல் தன் முதல் மேண்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் வெளிச்சம் பச்சை பாரித்தது, வியாபாரமும் கைகொடுக்கவில்லை. 1891-இல் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் கலந்தபிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. அந்தத் தோரியத்தைத் தேடி வந்த ஜெர்மானியர் ஷோம்பெர்க் 1909-இல் தோரியம் உள்ள மோனசைட் மணலைக் கண்டுகொண்டது நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில். அப்போது அது திருவிதாங்கூர். இப்படி ஒளி முழுவதும் அந்தக் கனிமக் கூட்டில் இருக்க, பெயரில் சுடரை முன்னால் நிறுத்தினால் பிள்ளைகளுக்குத் தவறான பாடம் போய்ச் சேரும்.

எலும்புக்கூடு, புழுக்கூடு என்று, மற்றது போனபின் நிற்கும் வடிவத்தைக் ‘கூடு’ என்றுதான் சொல்கிறோம். நூல் போனபின் நிற்கும் இதற்கும் அது பொருந்துகிறது. ஒளிர்கூடு வினைத்தொகை என்பதால் இடையில் வல்லினம் மிகாது. ஒளிர்கூட்டை, ஒளிர்கூட்டில் என்று வேற்றுமை உருபும் இயல்பாக ஏறுகிறது. சுடுவதற்கு முன்பு இருப்பதை ‘வலை’ என்றே விடலாம். “வலையைக் கட்டு, சுடு, கூடு ஆனபின் தொடாதே” என்று வரிசையாகச் சொல்ல முடிகிறது.

இந்த வேறுபாடு கையேட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், விளக்கைப் பாழாக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. சுட்டு முடியாமல் கறுப்பாக இருக்கும்போதே காஸைத் திறந்தால் கூடு கோணலாகிவிடும். சுட்ட கூட்டோடு விளக்கைப் பையில் திணித்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் போனால், இறங்கும்போது உள்ளே தூள்தான் இருக்கும். கூட்டில் ஓட்டை விழுந்தால் ‘எரிகிறதே, போகட்டும்’ என்று விடக் கூடாது. அந்த ஓட்டை வழியே பீறிடும் தீ நேரே கண்ணாடியில் அடித்து, கண்ணாடி விரிசல் விட்டுவிடும். உடனே அணைத்து, ஆறவிட்டு, புது வலை கட்ட வேண்டும். பழைய கூட்டின் பொடியை ஊதித் தள்ளக் கூடாது. இப்போது பல நிறுவனங்கள் தோரியத்துக்குப் பதில் இட்ரியம் சேர்க்கின்றன, ஆனாலும் தோரியம் கலந்தவையும் விற்பனைக்கு வருகின்றன. தோரியம் கதிரியக்கம் உள்ளது. பொடி மூச்சில் போகாமல் ஈரத் துணியால் துடைத்து எடுத்து, கையைக் கழுவிவிட வேண்டும்.

> கூடு என்றால் வெளியே இருக்கும் கண்ணாடிக் கூண்டு என்று நினைத்துவிட மாட்டார்களா?

இப்படியும் ஒருவர் கேட்கலாம். கண்ணாடியைச் ‘சிம்னி’ என்றே எழுதிவிட்டால் அந்தச் சிக்கல் வராது. அரிக்கேன் விளக்குக் காலத்திலிருந்தே அது வீட்டுச் சொல். அதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம் என்பது என் எண்ணம். மேண்டிலையும் நான் விரட்டச் சொல்லவில்லை. கையேட்டில் முதல் இடத்தில் ‘ஒளிர்கூடு, அதாவது மேண்டில்’ என்று இரண்டையும் சேர்த்தே போடுவேன். கடைக்காரரிடம் கேட்கும்போது பிள்ளைகள் திண்டாடக் கூடாது.

மற்ற உறுப்புகளுக்கும் பெயர் கேட்டிருந்தீர்கள். பம்ப், வால்வு, சிலிண்டர் எல்லாம் அப்படியே இருக்கட்டும். காஸும் காற்றும் கலக்கும் குழாய்க்கு மட்டும் ‘கலவைக்குழாய்’ வேண்டும், ஏனென்றால் அதைச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டியிருக்கிறது. பரணில் கிடந்த விளக்கில் பொடிச் சிலந்திகள் அதற்குள் வலை பின்னிவிடும். காற்று குறைந்து, சுடர் மஞ்சளாகி, கூட்டில் கரி படியும். மெல்லிய தூரிகையை விட்டுத் துடைத்தால் போதும், கரியும் நல்ல சுடரில் தானே எரிந்துபோகும்.

நீலகிரியில் தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் ஜனவரி உறைபனியில் விளக்கு மங்கினால் அது கூட்டின் குற்றம் அல்ல. சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் காஸின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறாது. புரொப்பேன் கலந்த சிலிண்டர் வாங்கிக்கொள்வதுதான் வழி. அடுப்பருகே வைத்துச் சூடேற்றப் பார்ப்பது பேராபத்து. கூடாரத்துக்குள் விளக்கைக் கொண்டுபோவதும் அப்படித்தான். விளக்கு எரியும்போது வரக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது. இந்த இரண்டையும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுகிறேன்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தானே தெரியும். கையேட்டின் ஒரு பத்தி இப்படி இருக்கிறது:

“காஸை மூடியே வைத்து வலையைச் சுடவும். முழுவதும் வெளுத்தபின், தீக்குச்சியை ஒளிர்கூட்டின் அருகே, அதில் படாமல் பிடித்துக்கொண்டு காஸை மெல்லத் திறக்கவும். ஒளிர்கூடு உப்பி வடிவம் பெறும். அணைத்தபின் விளக்கை ஆட்ட வேண்டாம். மாற்று வலை இரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.”

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இடறும் இடம் இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக ஈழத்திலும் மலேசியாவிலும் இருப்பவர்கள், உங்கள் வீடுகளில் பெற்றோமக்ஸ் ஏற்றிய பெரியவர்கள் இதை எப்படி அழைத்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். அவர்களிடம் இதைவிட நல்ல சொல் இருந்தால் அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன்.