ஹாரன் எதற்காக இருக்கிறது? ஒரு விவாதம்

காவிரிக்கரையான் (திருச்சி):

நாற்பத்தாறாம் வயதில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சந்து வந்தால் ஹாரன் அடிக்க வேண்டும், ஆள் தெரிந்தால் அடிக்க வேண்டும், முன்னால் வண்டி போனால் அது விலகும்வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பயிற்சிப் பள்ளி ஆசிரியர் முதல் நாளே சொல்லித் தந்தார். பக்கக் கண்ணாடிகளைப் பார்த்து ஓட்டக் கற்றுத் தந்ததோ ஐந்தாம் நாள். இந்த வரிசையே தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இந்தக் கேள்வியை இங்கே வைக்கிறேன்.

நான் இருப்பதை அறியாத ஒருவருக்கு, நான் இருக்கிறேன் என்று தெரிவிப்பதற்கு மட்டுமே ஹாரன் என்பது என் கருத்து. அவருக்கு நான் இருப்பது ஏற்கெனவே தெரியும் என்றால் அதற்கு வேலை இல்லை. சிக்னலில் சிவப்பு விளக்கின் எண் பன்னிரண்டைக் காட்டும்போதே பின்னால் இருப்பவர்கள் அடிக்கத் தொடங்குகிறார்களே, அவர்கள் யாருக்கு எதைத் தெரிவிக்கிறார்கள்? முன்னால் நிற்பவருக்கும் அதே விளக்குதான் தெரிகிறது. சட்டமும் இதையே சொல்கிறது: 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 194எஃப் பிரிவின்படி, பாதுகாப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் ஹாரன் அடித்தால் முதல்முறை 1,000 ரூபாயும் அடுத்த முறை 2,000 ரூபாயும் அபராதம். தேவையின்றி அடிப்பதும் தொடர்ந்து அடிப்பதும் அந்தப் பிரிவில் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன.

நாமக்கல் ஓட்டுநர்:

ஐயா, உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன், ஆனால் ஏற்க முடியவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறேன். இப்போது ஓட்டுவது டாரஸ் என்னும் பெரிய சரக்கு லாரி. அந்த வண்டியின் கேபினில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஹாரனைக் குறை சொல்ல மாட்டார்கள். இடது பக்க முன்சக்கரத்தை ஒட்டி ஒரு மொபெட் வந்தால், என் இருக்கையிலிருந்து அது கண்ணுக்கே தெரியாது. அந்த மொபெட்டில் பக்கக் கண்ணாடி கழற்றப்பட்டிருக்கும், அல்லது உள்பக்கமாக மடக்கி வைக்கப்பட்டிருக்கும். நான் அவரைப் பார்க்க முடியாது, அவரும் என்னைப் பார்க்கப் போவதில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் மிச்சம் இருப்பது காது ஒன்றுதான். லாரிகளின் பின்பக்கம் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதியிருப்பதும் அலங்காரத்துக்காக அல்ல. சரக்கு ஏற்றிய பெட்டி பின்னால் வரும் எதையும் மறைத்துவிடுவதால், முந்த நினைப்பவர் ஒலி கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று ஓட்டுநர் கேட்டுக்கொள்ளும் வேண்டுகோள் அது.

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிக்காமல் ஏறிக் காட்டுங்கள் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் எதிரே வருபவரின் உயிரும் அதில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு விபத்து நடந்துவிட்டால், தவறு யார் மீது இருந்தாலும், பெரிய வண்டியின் ஓட்டுநரிடம் கூட்டம் கேட்கும் முதல் கேள்வி, ஹாரன் அடித்தாயா என்பதுதான். புகார் மனுவிலும் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஒலி எழுப்பாமலும் வந்து' என்று எழுதிவிடுகிறார்கள். அடித்தால் அபராதம் என்று ஒரு பக்கமும், அடிக்காததால் குற்றம் என்று மறுபக்கமும் சொன்னால், ஓட்டுநர் எந்தப் பக்கம் சாய்வார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

காவிரிக்கரையான்:

நீங்கள் கடைசியாகச் சொன்னது நியாயமான குறை, அதை நான் யோசித்ததில்லை. மலைச் சாலையிலும் நமக்குள் வேறுபாடு இல்லை. வளைவுக்கு அப்பால் இருப்பவருக்கு நீங்கள் வருவது தெரியாது என்பதால், என் விளக்கத்துக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. மறைந்து நிற்கும் மொபெட்டும் அப்படியே. ஆனால் கொல்லிமலையைக் காட்டித் திருச்சிப் பெரிய கடைவீதிக்கு நியாயம் சொல்ல முடியாது. அங்கே எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டேதான் நிற்கிறார்கள். இடம் இல்லாததால் நகராமல் நிற்பவரிடம், நகரு என்று ஒலியால் சொல்வதை எச்சரிக்கை என்று எப்படி அழைப்பது?

தென்றல்:

நான் ஒலியியல் படித்தவள், ஆகவே எண்களோடு ஒரு பொருளைச் சேர்க்க விரும்புகிறேன். காரில் பொருத்திய ஹாரனின் ஒலி, வண்டிக்கு முன்னால் 7 மீட்டர் தொலைவில் 93 முதல் 112 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது பல நாடுகள் பின்பற்றும் தரம். திறந்த வெளியில் தொலைவு இரண்டு மடங்காகும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 7 மீட்டரில் 105 என்றால் 14 மீட்டரில் 99, 28 மீட்டரில் 93, 56 மீட்டரில் 87. சாலையோரத்தில் பூ விற்கும் அம்மா இரண்டு மீட்டரில் இருக்கிறார். அவருக்கு இது 105ஐயும் தாண்டி விழுகிறது.

இப்போது அதே ஒலி யாரைச் சேர வேண்டுமோ அவரைப் பார்ப்போம். அவர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குளிர்சாதனத்தையும் பாட்டையும் ஓடவிட்டுக் காரில் அமர்ந்திருக்கிறார். மூடிய காரின் உடலும் கண்ணாடியும் வெளி ஒலியின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. விளைவாக, எச்சரிக்கை யாருக்காக எழுப்பப்பட்டதோ அவருக்கு மெல்லிய சத்தமாகவும், அதில் எந்தத் தொடர்பும் இல்லாத நடைபாதைக் கடைக்காரருக்கும் பேருந்துக்காகக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் செவியைத் துளைக்கும் சத்தமாகவும் அது போய்ச் சேருகிறது. இது என்னை உண்மையிலேயே வருந்த வைக்கிறது. அவர்களில் பலர் நாள்தோறும் பத்து மணி நேரம் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேகத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. ஹாரனை அழுத்திவிட்டு, அவர் விலகுகிறாரா என்று ஒன்றரை நொடி பார்த்திருந்தால் 25 மீட்டர் போய்விடும். அந்த 25 மீட்டரில் பிரேக்கை மிதித்திருக்கலாம்.

இருசக்கரப் பயணி:

கணக்கு சரிதான் அக்கா, ஆனால் நான் உணவு விநியோகிக்கும் வேலையில் நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பைக்கில் போகிறவன். என்னைச் சுற்றி இரும்புக் கூடு இல்லை. நின்றிருக்கும் காரின் கதவு திடீரென்று திறக்கும். நிறுத்தத்தைப் பார்த்த பேருந்து விளக்குப் போடாமல் இடது பக்கம் சாயும். அப்போதெல்லாம் பிரேக்கை மட்டும் நம்பினால், பின்னால் வரும் வண்டி என் மேல் ஏறிவிடும். நம் சாலையில் ஹாரன் ஒரு மொழி. லேசாக ஒரு தட்டு தட்டினால் நான் கடக்கிறேன் என்று பொருள், இரண்டு தட்டு தட்டினால் வழி விடுங்கள் என்று பொருள். பேருந்து நடத்துநரின் விசிலும் அப்படித்தானே? ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. அதை யாரும் சத்தம் என்று சொல்வதில்லை.

காவிரிக்கரையான்:

தம்பி, நீங்கள் எடுத்துக்காட்டிய விசிலையே நானும் எடுத்துக்கொள்கிறேன். ஓட்டுநரும் நடத்துநரும் அதன் பொருளை முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், வேண்டும்போது தவிர மற்ற நேரத்தில் நடத்துநர் அதை ஊதுவதில்லை. அதனால்தான் இரைச்சலான பேருந்திலும் ஒரே ஒரு விசில் போதுமானதாக இருக்கிறது. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் வரை அவர் ஊதிக்கொண்டே வந்தால், இறங்க வேண்டிய பாட்டிக்காக ஊதிய விசிலை ஓட்டுநர் எப்படிப் பிரித்தறிவார்? உங்கள் ஒரு தட்டும் இரண்டு தட்டும் சுற்றிலும் அடிக்கும் நாற்பது ஹாரன்களுக்குள் கரைந்துபோகின்றன. கதவைத் திறக்கப் போகும் அந்தக் காரோட்டிக்கு உங்கள் ஒலி தனியாகக் கேட்க வேண்டும் என்றால், மற்ற முப்பத்தொன்பது பேரும் சும்மா இருந்தாக வேண்டும். உங்களுக்கு எதிராக நான் பேசவில்லை. உங்கள் ஹாரன் பலிக்க வேண்டும் என்பதற்காகவே பேசுகிறேன்.

இரவுப்பணிச் செவிலியர்:

எச்சரிக்கையும் இல்லாத, அவசரமும் இல்லாத மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, அதை இங்கு யாரும் சொல்லவில்லை. ஹாரனை அழைப்பு மணியாகப் பயன்படுத்துவதைச் சொல்கிறேன். காவலாளி கேட்டைத் திறப்பதற்காகவும், மாடியிலிருக்கும் உறவினரைக் கீழே வரச் சொல்வதற்காகவும், பள்ளி வேன் வந்துவிட்டது என்று தெருவுக்கு அறிவிப்பதற்காகவும் அடிக்கிறார்கள். நான் வேலை செய்யும் மருத்துவமனையின் வாசலில் இரவு இரண்டு மணிக்கு அடிப்பவர்களில் பெரும்பாலானோர் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். தங்கள் தந்தை உள்ளே உறங்கிக்கொண்டிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். இருந்தும் கை தானாகப் போய்விடுகிறது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க வழி செய்கின்றன. அங்கே எந்நேரமும், குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையும், பொது நெருக்கடி தவிர ஹாரன் அடிக்கக் கூடாது என்பது 2010இல் சேர்க்கப்பட்டது. அமைதி மண்டலத்தில் பகலுக்கான வரம்பு 50 டெசிபல், இரவுக்கு 40. தென்றல் தந்த எண்களை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நாமக்கல் ஓட்டுநர்:

அம்மா, நீங்கள் சொன்னதற்கு எதிராகப் பேச எனக்கு வாய் வரவில்லை. மருத்துவமனை வாசலில் அடிப்பவருக்கு அபராதம் போடட்டும். இரவில் நெடுஞ்சாலையிலும் நான் பெரும்பாலும் டிப்பர்தான் அடிப்பேன், அதாவது முகப்பு விளக்கை ஏற்றி இறக்கிக் காட்டுவேன். வளைவுக்கு முன்பே எதிர் வண்டியின் வெளிச்சம் தெரிந்துவிடுவதால் மலையிலும் இரவு ஓட்டுவது ஒரு வகையில் எளிது. ஆனால் தென்றல் சொன்ன மூடிய கார் விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்தக் காருக்குக் கேட்காததால்தான் ஏர் ஹாரன் வந்தது. கம்பெனி பொருத்தித் தந்த ஹாரனைப் பத்து முறை அடித்தும் வழி கிடைக்காத ஓட்டுநர், காற்றில் ஊதும் ஹாரனைக் கேட்கிறார், முதலாளியும் வாங்கிப் போடுகிறார்.

தென்றல்:

கார்க்காரர் கண்ணாடியை ஏற்றுவதும் வெளியே ஒலி கூடிவிட்டதால்தான் அண்ணா. அவர் மூடுகிறார், நீங்கள் கூட்டுகிறீர்கள், அவர் இன்னும் இறுக்கமாக மூடுகிறார். மாறி மாறிப் பல சுரம் எழுப்பும் ஹாரனையும், கடுமையாகவோ கிறீச்சென்றோ ஒலிக்கும் ஹாரனையும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி தடை செய்கிறது. ஆனாலும் அவை கடைகளில் வெளிப்படையாகத் தொங்குகின்றன. சாலையில் ஓட்டுநரைப் பிடிப்பதோடு அதிகாரிகள் நிறுத்திக்கொள்வது எனக்கும் சரியாகப் படவில்லை.

இருசக்கரப் பயணி:

மும்பையில் காவல்துறை ஒரு சோதனை செய்தது. சிக்னலில் ஒலி 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் எண் மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும். அடிக்காமல் நின்றவனும் சேர்ந்து காத்திருக்க வேண்டியிருந்தது என்பதால் எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர் செய்ததற்கு எல்லோரையும் நிறுத்துவது நியாயம் அல்ல.

காவிரிக்கரையான்:

அந்தச் சோதனையில் உங்கள் நேரம் போகும் என்பது உண்மை. ஆனால் மிசோரத்தின் ஐசால் நகரில் இப்படி எந்தக் கருவியும் இல்லாமல், நெரிசலான மலைத் தெருக்களில் பைக்குகள் ஒரு வரிசையிலும் கார்கள் ஒரு வரிசையிலும் ஹாரன் இல்லாமல் நகர்கின்றன. அங்கே முந்தும் எண்ணத்தையே விட்டுவிட்டார்கள், அதனால் அடிக்கும் காரணமும் போய்விட்டது. நம்மிடம் ஹாரன் அடிப்பது முந்துவதற்குக் கேட்கும் அனுமதியாகவும், சில நேரம் கட்டளையாகவும் ஆகியிருக்கிறது. நாமக்கல் அண்ணனிடம் நேராகவே கேட்கிறேன்: முன்னால் நாற்பது மீட்டரில் ஒரு முதியவர் சைக்கிளில் தடுமாறிப் போகிறார். அடிப்பீர்களா, மாட்டீர்களா?

நாமக்கல் ஓட்டுநர்:

அடிப்பேன், ஆனால் நாற்பது மீட்டரில் அடிக்க மாட்டேன். நூறு மீட்டருக்கு அப்பாலேயே அவரைப் பார்த்திருக்க வேண்டும். அங்கேயே சுருக்கமாக ஒரு முறை அடித்துவிட்டுக் காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோவேன். கிட்டே போய் அடித்தால் பெரியவர் ஒலி வந்த பக்கமே திரும்பிப் பார்ப்பார், தலை திரும்பும் பக்கம் ஹேண்டில்பாரும் திரும்பும், சைக்கிள் நேராக லாரிக்கு முன்னால் வந்துவிடும். இதை நான் ஓசூர் சாலையிலும் சேலம் சாலையிலும் பலமுறை கண்டிருக்கிறேன். கிட்டே வந்த பிறகு அடிக்கக் கூடாது. வேகத்தைக் குறைத்து, எதிரே வண்டி இல்லையென்று பார்த்து, ஓர் ஆள் அகலம் இடம் விட்டு வலது பக்கம் விலகிக் கடக்க வேண்டும். என் கிளீனர் பையனுக்கும் ஸ்டியரிங்கைக் கொடுப்பதற்கு முன்பு இதைத்தான் சொல்லித் தந்தேன்.

கடைவீதியைப் பற்றிய என் கருத்து மாறவில்லை ஐயா. அங்கே அடிக்காமல் நின்றால், இருபது டன் வண்டியோடு சாயங்காலம் வரை நிற்க வேண்டியதுதான். பகலில் சரக்கு வண்டியை அந்தத் தெருவுக்குள் அனுப்புபவர்களிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.