அறுப்பு முடிந்த வயலில் குதிரை ஓட்டம்: எப்படி ஆரம்பிப்பது?

மன்னார்குடி வாசி:
இங்கிலாந்தில் எக்ஸ்மூர் பக்கம் புதர்மண்டிய மேட்டுவெளியில் நாய்க்கூட்டத்தோடு குதிரையில் வேட்டைக்குப் போகிறார்களே, அதுபோல இங்கே நாலைந்து பேர் கிளம்பலாமா? கைவசம் ஒரு மட்டக்குதிரை, 250 கிலோ இருக்கும். நான் 72 கிலோ. முயல் கிடைத்தாலும் சரி.

லாடக்காரர்:
தம்பி, முயலை மறந்துவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், நரி எதன்மேலும் கை வைக்க முடியாது. அங்கேயும் நாய் விட்டு வேட்டையாடுவதை 2004 சட்டம் தடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக வாசனைத் துணியை ஒருவர் முன்னால் இழுத்துப் போகிறார். அதை மோந்து நாய்களும் பின்னால் குதிரைகளும் போகின்றன.

அடுத்து எடை. ஆளும் சேணமும் சேர்த்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நீங்கள் 72, சேணம் 8, ஆக 80. அதற்கு 400 கிலோக் குதிரை வேண்டும். உங்கள் மட்டம் 50 கிலோதான் தாங்கும், பள்ளிக்கூடப் பையன் ஏறலாம்.

கொள்ளிடக்கரை:
அறுத்த வயல் காலியாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். குதிரை இறங்கினால் முளை போச்சு, ஊரோடு சண்டையும் மிச்சம்.

வரப்பும் ஆகாது. எலி வளையிலும் நண்டு வளையிலும் கால் இறங்கினால் கணுக்கால் முறியும். மேல் காய்ந்து அடியில் சேறாய்க் கிடக்கும் வடிகால் இன்னும் மோசம், வயிறுவரை புதையும். எக்ஸ்மூர் மேட்டுவெளிச் சதுப்பில் பளிச்சென்ற பச்சைப்பாசி காட்டிக்கொடுக்கும். நம் களிமண்ணில் அப்படி அடையாளம் கிடையாது.

ஆற்றங்கரை மண்பாதைதான் நல்லது. கொள்ளிட மணலில் நடை மட்டும். ஆழமான மணலில் ஓடவிட்டால் காலின் தசைநாண் வீங்கிக்கொள்ளும். மணல் அள்ளிய குழிகளை முதல் நாளே நடந்து பார்த்துவிடுங்கள். கோடியக்கரைப் புல்வெளி ஆசை காட்டும், ஆனால் அது சரணாலயம். வெளிமானும் காட்டில் திரியும் மட்டக்குதிரைகளும் அங்கே உண்டு.

மன்னார்குடி வாசி:
நாய் இல்லாமல் தடம் எப்படி அண்ணே போடுவது?

லாடக்காரர்:
ஒருவர் அரை மணி முன்னால் போய் ஐம்பது தப்படிக்கு ஒரு பிடி உமி போடட்டும். லேசாக நனைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காற்றில் பறந்துவிடும். கோலமாவு வேண்டாம், எறும்பு இழுத்துவிடும். நடுவில் இரண்டு பொய்த்தடம் வையுங்கள், அதுதான் விளையாட்டே. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு 6 கிலோமீட்டர் போதும், பாதிக்கு மேல் நடை.

காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். நின்று பதினைந்து நிமிடம் கழித்துத் தாடைக்கு அடியில் நாடி பாருங்கள். நிமிடத்துக்கு 64-க்கு மேல் இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கொள்ளிடக்கரை:
ஒன்று விட்டுப்போச்சு. வெறும் வைக்கோல் போட்டு வளர்த்தால் குடலில் அடைத்து வயிற்றுவலி வரும். புல்லும் தாராளமாகத் தண்ணீரும் வேண்டும். மழைக்காலத்தில் கடி ஈ மூலம் சர்ரா என்கிற ரத்த ஒட்டுண்ணி நோய் பரவும். விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் வீக்கம் கண்டால் சேணம் போடாமல் கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.