விட்ரெக்டமிக்குப் பிறகு ஓரத்தில் இருட்டு: வாயுக் குமிழியா, வேறா?

கேள்வி
மாக்குலர் ஹோலுக்கு (விழித்திரையின் நடுவில் விழும் ஓட்டை) விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுக்கும் அறுவை) செய்து, ஓட்டை மூட வாயுக் குமிழி வைத்த கண். ஓட்டை மூடிவிட்டது, நடுப்பார்வை தேறுகிறது. ஆனால் கீழே, பொட்டுப் பக்கம் (காதை நோக்கிய வெளிப்பக்கம்) ஒரு துண்டு தெரியவில்லை. குமிழி கரைந்தால் சரியாகிவிடுமா?

பதில் 1
குமிழி கண்ணுக்குள் மேலே மிதக்கும். பிம்பம் தலைகீழாக விழுவதால் பார்வையில் கீழே தெரியும். அதன் விளிம்பு தண்ணீர் மட்டம்போலக் கோடாக இருக்கும், தலையை அசைத்தால் தளும்பும், நாளாக நாளாகக் கீழே இறங்கும். கண்ணில் வைக்கும் வாயுக்களில் எஸ்எஃப்6 சுமார் 2 வாரத்திலும், சி3எஃப்8 என்பது 6 முதல் 8 வாரத்திலும் கரையும். எப்படி அசைந்தாலும் ஒரே இடத்தில் நிற்கும் இருட்டு குமிழி அல்ல.

பதில் 2
நீங்கள் சொல்லும் இடமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அறுவையின்போது கண்ணுக்குள் இருக்கும் திரவத்தை எடுத்துவிட்டுக் காற்றை நிரப்பும்போது, காற்று வரும் குழாய் வழக்கமாகக் கண்ணின் கீழ்ப்புறம், பொட்டுப் பக்கம் செருகப்பட்டிருக்கும். உலர்ந்த காற்று நேர் எதிரே, மூக்குப் பக்கத்து மேல் விழித்திரையில் பீய்ச்சி, அங்குள்ள நரம்பிழை அடுக்கைக் காயவைக்கிறது. அந்த இடம் பார்ப்பது கீழ்ப் பொட்டுப் பக்கத்தைத்தான். காற்றழுத்தத்தை 50 எம்எம்எச்ஜியிலிருந்து (அழுத்தத்தை அளக்கும் அலகு) 30க்குக் குறைத்தாலோ ஈரப்படுத்திய காற்றைச் செலுத்தினாலோ இந்தப் பாதிப்பு குறைகிறது. நரம்பிழை செத்திருந்தால் பார்வை திரும்பாது. இதை மறைக்காமல் சொல்வதே நல்லது.

எல்லாவற்றுக்கும் காற்றின் மேல் பழி போடவும் கூடாது. விட்ரியஸை (கண்ணுக்குள் இருக்கும் அந்த ஜெல்லை) உரிக்கும்போது பார்வை நரம்பின் தலைப்பகுதி இழுபடலாம், விழித்திரைமேல் உள்ள மெல்லிய படலத்துக்குப் பூசும் இண்டோசயனின் பச்சைச் சாயம் நஞ்சாகலாம், வாயுவால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். அழுத்தம் ஒன்றுக்குத்தான் இப்போதும் மருந்து உண்டு. அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 3
ஃபீல்டு டெஸ்டை (பார்வைப் பரப்பை அளக்கும் சோதனை) வாயு முழுதும் கரைந்த பிறகு எடுங்கள். வழக்கமான 24-2 என்ற வகை பொட்டுப் பக்கம் 24 பாகை வரைதான் பார்க்கும். அந்தப் பக்கப் பார்வையோ 90 பாகை வரை போகிறது. ரிப்போர்ட் சுத்தமாக வந்தும் இருட்டு அப்படியே இருக்கலாம். ஓரப் பார்வையையும் அளக்கும் கோல்ட்மான் அல்லது 60-4 சோதனையைக் கேளுங்கள்.

இன்னொன்று: சுமார் 60 பாகைக்கு வெளியே அந்தக் கண் மட்டும்தான் பார்க்கிறது, மற்றக் கண் ஈடுகட்டாது. படி இறங்கும்போதும் சாலையைக் கடக்கும்போதும் தலையையே அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

வீட்டில் மற்றக் கண்ணை மூடி, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி, காதுக்குப் பின்னாலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே முன்னே கொண்டுவாருங்கள். மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில் எங்கே தெரிகிறது என்று குறித்து வையுங்கள். நரம்பிழைப் பாதிப்பு வளராது. ஓரத்திலிருந்து திரைபோல நடுவை நோக்கி வந்தாலோ, மின்னலோ புதிய கரும்புள்ளிகளோ தெரிந்தாலோ விழித்திரை பிரிகிறது என்றே எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.