பொருள்: பாட்டில்நெக் – ‘தடைக்கூறு’ பொருந்துமா?

(குழு மடல் இழை; எழுதுபவர்கள் ஊர்ப் பெயரில்.)

திருப்பாதிரிப்புலியூர்:

வணக்கம். பழைய ஆபீஸ் கணினியை விளையாட்டுக் கணினியாக்கும் கையேட்டின் மூன்றாம் பகுதி மெய்ப்புக்கு வந்துவிட்டது. பாட்டில்நெக் (ஒரு பாகம் பின்னிழுத்து மற்றவை முழு வேகம் காட்ட முடியாமல் போவது) வரும் இடத்திலெல்லாம் ‘தடைக்கூறு’ போட்டிருக்கிறேன். ஒரு வரி மாதிரிக்கு:

“ஐ5-4590 பிராசசர், 8 ஜிபி டிடிஆர்3 ராம் உள்ள கணினியில் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு போட்டால் பிராசசரே தடைக்கூறு ஆகும்.”

புட்டி, கழுத்து என்று போகாமல் தப்பித்தோம் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் அச்சுக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

லாஸ்பேட்டை:

ஐயா, மறுப்பு இரண்டு. சின்னதை முதலில் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பகுதியில் ‘மின்தடை’ ஏற்கெனவே இரண்டு பொருளில் வருகிறது: ரெசிஸ்டர் ஒன்று, கரன்ட் போவது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு தடை எதற்கு?

பெரிய மறுப்பு ‘கூறு’ மேல். கூறு என்றால் பாகம். அந்த வரியைப் படிக்கிற பையன் மறுநாளே பிராசசர் விலை விசாரிக்கப் போவான். ஆனால் அதே கணினியில் அதே கார்டு ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். வாலரன்ட் போன்ற சுடும் ஆட்டத்தை எல்லா செட்டிங்கும் ‘லோ’வில் வைத்து ஓட்டினால் கார்டு 60 சதவீதத்தில் சும்மா நிற்கும், பிராசசர் மூச்சு வாங்கும். திறந்த உலக ஆட்டம் ஒன்றில் நிழல், டெக்ஸ்சர் இரண்டையும் ‘ஹை’யில் வைத்தால் கார்டு 97, 98 என்று உச்சத்தில் உட்கார்ந்துவிடும், பிராசசருக்கு ஓய்வு. எந்தப் பாகத்தைத் தடைக்கூறு என்பது? இது பாகத்தின் பெயர் அல்ல, அந்த நேரத்து நிலையின் பெயர். சொல்லும் அப்படியே இருக்க வேண்டும்.

பண்ருட்டி:

சர்வீஸ் கடையில் எல்லோரும் வாயில் வைத்திருக்கும் சொல்லையே எடுத்துக்கொண்டால் என்ன? “இந்த கேம்ல பிராசசர்ல முட்டுது” என்றுதான் சொல்கிறார்கள். ‘முட்டு’ அல்லது ‘முட்டுநிலை’. மூன்றே எழுத்து வேர், வினையாகவும் வரும்.

லாஸ்பேட்டை:

வினையாக அருமை. பெயராக இடிக்கும். கனமான கார்டு ஸ்லாட்டில் தொங்காமல் இருக்க அடியில் வைக்கும் தாங்கிக்கு இரண்டாம் பகுதியில் ‘முட்டு’ என்று நாமே எழுதியிருக்கிறோம். முட்டுக் கொடுப்பது தாங்குவது. நமக்கு வேண்டியது நேர் எதிர்.

பாகூர்:

எங்கள் ஏரியில் தண்ணீர் எவ்வளவு நின்றாலும் மதகு விடுகிற அளவுதான் வாய்க்காலுக்கு வரும். ‘மடைக்குறுக்கம்’ என்று வைத்தால் பாமரருக்கும் புரியும்.

திருப்பாதிரிப்புலியூர்:

சொல் அழகு. ஆனால் அட்டவணைத் தலைப்பில் ‘வரைகலை மடைக்குறுக்கம்’ என்று போட்டால் கட்டம் கிழிந்துவிடும். தவிர, லாஸ்பேட்டை சொன்ன இடம் மாறுகிற குணம் இதில் வராது, மதகு இருந்த இடத்திலேயேதான் இருக்கும். ‘மட்டு’ என்றும் தனி மடலில் ஒருவர் எழுதினார். மட்டுறுத்துநர் என்று குழு நடத்துபவரைச் சொல்லிப் பழகிவிட்டோம். போதாததற்கு ‘மட்டமான’ என்ற வாசமும் அடிக்கிறது. நீக்கிவிடலாம்.

லாஸ்பேட்டை:

‘வரம்பு’ என்று முன்மொழிகிறேன். வயல் வரப்பும் எல்லையும் அதில் இருக்கின்றன, பழுது என்ற பொருள் இல்லை. ‘வரம்பு எங்கே இருக்கிறது?’ என்று கேட்கலாம். ‘வரம்பு கார்டுக்கு மாறியது’ என்று சொல்லலாம். முன்னொட்டும் ஏற்கும்: பிராசசர் வரம்பு, கார்டு வரம்பு, மானிட்டர் வரம்பு. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விசிங்க் (பிரேமை மானிட்டரின் வேகத்தோடு பூட்டும் செட்டிங்) போட்டிருந்தால் நொடிக்கு வரும் பிரேம் (படம்) 60-இல் நின்றுவிடும். கார்டும் முழுதாக ஓடாது, பிராசசரும் ஓடாது. அதைப் பார்த்துவிட்டு எதையோ மாற்றுகிறவர்கள் நிறைய. சோதனைக்கு முன் விசிங்க்கையும் பிரேம் கேப்பையும் (பிரேமுக்கு வைக்கும் உச்ச அளவு) அணைக்கச் சொல்லி ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

சொல்லோடு சோதனையையும் சேர்த்தே எழுதுங்கள், அப்போதுதான் நிற்கும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் கார்டின் பயன்பாடு, பிராசசரின் ஒவ்வொரு கோரின் பயன்பாடு, கார்டு மெமரி மூன்றையும் திரையில் வரவைக்க வேண்டும். டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்த சதவீதத்தை நம்பக் கூடாது. நாலு கோரில் ஒன்று 100, மற்ற மூன்றும் 40 என்றால் சராசரி 55. பாதிதான் வேலை செய்கிறது என்று தோன்றும், ஆனால் அந்த ஒரு கோரில்தான் ஆட்டம் மாட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு ரெசல்யூஷனை 1920×1080-இலிருந்து 1280×720-க்கு இறக்க வேண்டும். பிரேம் நன்றாக ஏறினால் கார்டு வரம்பு. அசையாவிட்டால் பிராசசர் வரம்பு, அல்லது ராம்.

பண்ருட்டி:

ராமைத் தனியாகப் பிரியுங்கள், அங்கேதான் காசு மிச்சம். பழைய ஆபீஸ் கணினிகளில் பெரும்பாலும் ஒற்றை ஸ்டிக்தான் இருக்கும். டிடிஆர்3-1600 ஒரு சேனலில் (ராமுக்கும் பிராசசருக்கும் இடையிலான வழி) நொடிக்கு 12.8 ஜிபி, இரண்டில் 25.6. கைவசம் இருக்கும் 8 ஜிபிக்கு ஜோடியாக இன்னொரு 8 போட்டால் பிராசசர் வரம்பே கொஞ்சம் மேலே நகரும். போட்டதும் சிபியு-இசட் மென்பொருளில் மெமரி பக்கத்தைப் பார்க்க வேண்டும். ‘டூயல்’ என்று வராவிட்டால் ஸ்லாட் மாறியிருக்கும், அல்லது ஒரு ஸ்டிக் உட்காரவே இல்லை. தேவனாம்பட்டினம் பக்கத்து உப்புக்காற்றில் இருந்த கணினியென்றால் ஸ்டிக்கின் தங்க முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் போடுவது நல்லது.

ஹார்ட் டிஸ்க்கை ‘வட்டு வரம்பு’ என்று எழுதாதீர்கள். சாட்டா எஸ்எஸ்டி போட்டால் ஆட்டம் திறக்கும் நேரம் குறையும், சராசரி பிரேம் ஏறாது.

லாஸ்பேட்டை:

சரியான இடம். வரம்பு அல்லாதவற்றையும் பட்டியலுக்கு வெளியே நிறுத்த வேண்டும். எஸ்எம்பிஎஸ் போதாமை வரம்பு அல்ல: கணினி மெதுவாகாது, ஆட்டம் நடுவில் பட்டென்று அணையும், அல்லது ரீஸ்டார்ட் ஆகும். அதற்குப் ‘பற்றாக்குறை’ போதும். டெல் ஆபீஸ் கணினியான ஆப்டிபிளெக்ஸ் 9020 டவரில் 290 வாட் எஸ்எம்பிஎஸ். கார்டுக்கான 6 பின் வயர் இல்லை. அதனால்தான் ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் எடுத்துக்கொள்ளும், தனி வயர் கேட்காத 1650-ஐத் தேர்ந்தோம். 1650-இலேயே 6 பின் கேட்கும் மாடல்களும் உண்டு, கடையில் பெட்டியைத் திறந்து கார்டின் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றலாம் என்றால் இந்த மதர்போர்டுக்கு வழக்கமான 24 பின் சேராது, 24-இலிருந்து 8-க்கு மாற்றும் கேபிள் வேண்டும்.

ஆர்எக்ஸ் 6400 கார்டு மட்டும் இரண்டுங்கெட்டான். பிசிஐஇ (கார்டு ஸ்லாட்டின் தரம்) 4.0-க்கென்று நாலே லேன் (தரவு வழி) வைத்துச் செய்த கார்டு, 3.0 ஸ்லாட்டில் அந்த வழி பாதியாகிவிடும். 4 ஜிபி மெமரி நிரம்பிய பிறகுதான் அது தெரியும். இதற்கு மட்டும் ‘ஸ்லாட் வரம்பு’ என்று எழுதுவது சரி.

பாகூர்:

மடை போனால் போகட்டும், வரம்பும் வயலுக்குப் பக்கம்தான். ஒன்று கேட்கிறேன்: ‘பிராசசர் வரம்பு’ என்று அப்படியே விட்டுவிடுவதா? ‘செயலி வரம்பு’ ஆகாதா?

திருப்பாதிரிப்புலியூர்:

ஆகாதுங்க. கைபேசி ஆப்புக்குச் செயலி என்று ஊரே சொல்லத் தொடங்கிவிட்டது. ‘செயலி வரம்பு’ என்றால் ஆட்டமே காரணம் என்று படிப்பார்கள். ‘மையச்செயலகம்’ இருக்கிறது, நீளம். அட்டவணையில் பிராசசர் என்றே இருக்கட்டும்.

திருத்திய வரி இது:

“ஐ5-4590, 8 ஜிபி ஒற்றை ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1650: சுடும் ஆட்டங்களில் வரம்பு பெரும்பாலும் பிராசசரில் இருக்கும். செட்டிங்கையும் ரெசல்யூஷனையும் ஏற்றினால் வரம்பு கார்டுக்கு நகரும். எதையும் வாங்கும் முன் விசிங்க்கை அணைத்துவிட்டு 720-இல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும்.”

பழைய விஜிஏ மானிட்டரை இந்தக் கார்டில் நேரடியாக மாட்ட முடியாது, எச்டிஎம்ஐ-யை விஜிஏ-ஆக்கும் கன்வெர்ட்டர் வேண்டும் என்பதை ‘பொருந்தாமை’யின் கீழ் சேர்த்துவிட்டேன். கார்டு மெமரி நிரம்பி ஆட்டம் விட்டுவிட்டு நிற்பதற்குத் ‘திக்கல்’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். அதைத் தனி இழையில் பேசுவோம்.